பதினேழாவது சாம்பிள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். பாவம், கட்டிய பாவத்துக்குக் குறைத்துச் சொல்கிறார். அது நாக்கிலேயே குடியிருக்கிறது. வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வெளியே வரும், அப்புறம்தான் நான்.

ஆனால் என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் கத்தத்தான் செய்வீர்கள். முப்பத்தொரு கிளினிக்குகளிலிருந்து எங்கள் லேபுக்கு சாம்பிள் வரும். மலம், சளி, ரத்தம் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு ஃபாரம் வர வேண்டும். அதில் பதினான்கு கட்டங்கள். நோயாளிக்கு என்ன வயது, எந்தத் தெரு, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார், உடம்புக்கு என்றைக்கு முடியாமல் போனது, இப்படி. வருவது என்ன தெரியுமா? ‘ஆண். வயிற்றுப்போக்கு.’ அவ்வளவுதான். மிச்சம் பன்னிரண்டு கட்டமும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். சிலதில் டீக் கறை இருக்கும், அதுதான் கூடுதல் தகவல். நான் காலிக் கட்டங்களைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். அதனால் முப்பத்தொரு கிளினிக்கிலும் எனக்கு ‘சிவப்பு மை’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இரண்டு அறைகள். ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாது, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வைத்திருக்கிறோம். ஆட்கள் இரண்டே பேர். நானும், இன்னொரு டெக்னீசியனும். அவரை எல்லோரும் மெதுவண்ணன் என்பார்கள். ஒரு சொட்டு மருந்து விட ஒரு யுகம் எடுத்துக்கொள்வார், ஆனால் அந்தச் சொட்டு இம்மி பிசகாது. அதனால் அவரை மட்டும் நான் திட்டுவதில்லை. திட்டினாலும் அது அவர் காதில் விழுந்து சேர மறுநாள் ஆகிவிடும்.

எங்களுக்கு இருந்த பெரிய குறை ஒன்றுதான். காலரா மாதிரி ஊரைக் காலி செய்கிற நோய் எதுவானாலும், ‘ஆமாம், இதுதான்’ என்று சொல்கிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. சாம்பிளைத் தலைநகரத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பதில் வரப் பதினொரு நாள். அதற்குள் நோயாளி தேறி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வீட்டுக்கே போகாமல் போயிருப்பார். ஒன்பது வருஷம் அந்தக் கவர்களை ஒட்டி ஒட்டி என் நாக்கில் பசை ருசி தங்கிவிட்டது. எங்கள் கண்ணால் பார்த்ததை எங்கள் வாயால் சொல்ல ஒரு நாள் வராதா என்று எனக்கு அப்படி ஒரு ஆற்றாமை.

அந்த நாளைக் கொண்டுவருவதற்காகத்தான் மேடம் வந்தார். தலைநகரத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் ஆட்களையே நோய்க் கண்காணிப்புக்குப் பழக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தார். எட்டு மாதப் பயிற்சி. எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்தோம். நான், மெதுவண்ணன், அப்புறம் மாட்டு டாக்டர். விலங்குகளிலிருந்து மனுஷனுக்கு வருகிற நோய்களும் உண்டு என்பதால் அவரையும் சேர்த்திருந்தார்கள். “மாட்டுக்கு வைத்தியம் பாக்கறது ஈஸிங்க. எப்ப இருந்து உடம்பு சரியில்லைன்னு கேட்டா அது பொய் சொல்லாது” என்பார் அவர்.

சும்மா சொல்லக்கூடாது, மேடம் பாடம் நடத்தினால் தூக்கம் வராது. எந்தத் தேதியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று வரைபடம் போட வைத்தார். கிணற்றடியில் நின்று விசாரிக்க வைத்தார். கடைசியாக, பரீட்சை. இருபது சாம்பிள்கள். எல்லாம் அவரே தயார் செய்தவை. சிலவற்றில் நிஜக் கிருமி இருக்கும், சிலவற்றில் ஒன்றும் இருக்காது. பொய்யான நோயாளி, பொய்யான தெரு, ஆனால் நிஜமான கிளினிக் பெயர். அவற்றை எப்போதும் வருகிற ஐஸ் பெட்டிகளோடு பெட்டியாக பஸ்ஸில் அனுப்பிவிடுவார். எது நிஜம், எது பரீட்சை என்று எங்களுக்குத் தெரியாது. இருபதையும் சரியாகச் சொன்னால் அதிகாரம் எங்கள் கைக்கு வரும்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் நடந்தது. காலரா என்று தெரிந்தால் உடனே மாவட்ட சுகாதார ஆபீசருக்கு ஃபோன் செய்ய வேண்டும், அது விதி. நானும் செய்தேன். ஆபீசர் அலறி அடித்துக்கொண்டு ஜீப்பை அனுப்புவார். ஜீப் போய்ப் பார்த்தால் அந்தத் தெருவே இருக்காது. இரண்டாவது தடவை டிரைவர் ஒரு சுடுகாட்டு மதிலில் முட்டி நின்றிருக்கிறார். ஆபீசர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

“உங்க பரீட்சைக்கு நான் டீசல் போடணுமா? எது டெஸ்ட்டு, எது நெஜம்னு உங்களால கண்டுபிடிக்க முடியாதா?”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நானா இருப்பேன்?

“முடியும் சார்” என்றேன்.

முடியும்தான். மேடம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர், ஒன்றைத் தவிர. அவருடைய ஃபாரங்களில் பதினான்கு கட்டமும் நிரம்பியிருந்தன. எங்கள் கிளினிக்குகளில் எந்த மகராசி பதினான்கு கட்டத்தையும் நிரப்பினாள்? முழு ஃபாரமா, பரீட்சை. அரைகுறை ஃபாரமா, நிஜம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நான் பரீட்சை சாம்பிள்களுக்குத் தனி நோட்டுப் போட்டேன். ரிசல்ட்டைக் கவரில் போட்டு ஒட்டி, மேடம் புதன்கிழமை வரும்போது கொடுத்துவிடுவேன். ஆபீசருக்கு நிம்மதி. டிரைவருக்கு நிம்மதி. மேடத்திடம் மட்டும் நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. பதினாறு சாம்பிள் வரைக்கும் பதினாறும் சரி.

இதற்கு நடுவே, பயிற்சியின் ஒரு பகுதியாக, கிளினிக் நர்ஸ்களுக்கு நானே ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். ஆற்றங்கரைக் குடியிருப்பில் ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு நர்ஸ். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவள் அனுப்பியிருந்த ஃபாரம் ஒன்றை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தேன்.

“இது ஃபாரமா, கடலை மடிச்ச காகிதமா?”

வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். “கிளினிக்ல நான் ஒருத்திதாங்க்கா. ஊசி போட்டு, மருந்து குடுத்து, பிரசவமும் பாத்து…”

“ஆள் ஒருத்திங்கறதுக்காகக் கட்டம் குறைஞ்சிடுமா? நீ ஒழுங்கா எழுதலைன்னா உன் சாம்பிளை நான் ஏன் நம்பணும்? ரிசல்ட் பாசிட்டிவ்னா அன்னிக்கே ஃபோன் வரும். வரலைன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். சும்மா சும்மா ஃபோன் பண்ணி வதந்தி சொல்லாம, எழுதக் கத்துக்க.”

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். மாட்டு டாக்டர் பிறகு என்னிடம், “அந்தப் பொண்ணை இவ்வளவு வறுத்திருக்க வேண்டாம்” என்றார். “வறுத்தாத்தான் வேகும்” என்றேன் நான். எனக்கு அன்றைக்கு என் வகுப்பு ரொம்பப் பிடித்திருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பதினேழாவது சாம்பிள் வந்தது.

ஃபாரத்தைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு கட்டமும் மணிமணியான எழுத்தில். ஆற்றங்கரைக் கிளினிக். ஆண், முப்பத்துநான்கு, கொத்தனார். புதன் விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கியது. அதுவரை எத்தனை தடவை போனது என்றுகூட எழுதியிருந்தது. தண்ணீர்: பம்ப் ஹவுஸ் பக்கத்தில் உடைந்த குழாய். போதாக்குறைக்கு ஃபாரத்தின் பின்பக்கம் ஒரு வரைபடம். குழாய், சாக்கடை, கொத்தனார் வீடு எல்லாம் அளவோடு.

“அண்ணே, இங்க பாருங்க. மேடம் இந்தத் தடவை படமெல்லாம் வரைஞ்சிருக்காங்க” என்று மெதுவண்ணனிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “ரொம்ப நல்லா இருக்கு” என்றார்.

“அதான் சொல்றேன். நெஜத்துல எவ இப்படி எழுதுவா?”

பரீட்சை நோட்டில் பதினேழு என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை, கிருமி வளர்க்கிற பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். சனிக்கிழமை அவற்றைக் கண்ணாடித் துண்டில் மருந்தோடு கலந்ததும், பால் திரிகிற மாதிரி திரிந்தது. காலரா, சந்தேகமே இல்லை. எழுதி, கவரில் போட்டு, ஒட்டி, இழுப்பறையில் வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் தம்பட்டம் வேறு. வீட்டுக்காரர் மிக்ஸி ஒன்றைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். அவர் எலக்ட்ரீசியன், ஊரில் உள்ள ஓட்டை மிக்ஸி எல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடக்கும்.

“பதினேழுக்குப் பதினேழு” என்றேன்.

“அம்மா, எனக்கு முன்னாடி நீ ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிடுவ போலிருக்கே” என்றாள் பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள்.

“உங்கம்மாவுக்குக் கொடுக்காம இருந்தா மார்க் போடறவங்க உசுரோட வீட்டுக்குப் போக முடியுமா?” என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை லேபில் ஃபோன் அடித்தது. மெதுவண்ணன் எடுத்தார். நான் கையுறையோடு மேஜையில் வேலையாக இருந்தேன்.

“ஏதோ கிளினிக்லேருந்து. வியாழக்கிழமை அனுப்பின சாம்பிள் என்னாச்சுன்னு கேக்கறாங்க” என்றார் அவர், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ரெஜிஸ்டர்ல பாருங்க. இருந்தா வந்திருக்கு. இல்லைன்னா பஸ்லயே தொலைஞ்சிருக்கும். இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க.”

அவர் ரெஜிஸ்டரைப் பார்த்தார். நிஜ சாம்பிள்களின் ரெஜிஸ்டர். அதில் அது எப்படி இருக்கும்? “வரலைம்மா, இன்னொண்ணு அனுப்புங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். எந்தக் கிளினிக் என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

செவ்வாய் காலை பத்தரைக்கு ஆற்றங்கரைப் பெட்டி வந்தது. உள்ளே மூன்று சாம்பிள். ஒரே ஃபாரம். அதில் பாதிக்கு மேல் காலி. எழுத்துக் கிறுக்கலாக, ஒரு மூலை நனைந்து. ‘பெண் 52, ஆண் 70, ஆண் 19. வயிற்றுப்போக்கு. இதுவரை பதினாறு பேர். முதல் சாம்பிள் கொத்தனாருடையது, வியாழன் அனுப்பினேன், தொலைந்துவிட்டதாம்.’

அந்த ஃபாரம் அரைகுறையாக இருந்ததால் நான் அதை உடனே நம்பினேன். அப்புறம்தான் ‘கொத்தனார்’ என்கிற வார்த்தையில் என் கண் போய் நின்றது.

இழுப்பறையைத் திறந்து, ஒட்டிய கவரைக் கிழித்து, அந்த வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேடத்துக்கு ஃபோன் போட்டேன்.

“மேடம், பதினேழாவது சாம்பிள். கொத்தனார், மேப்பெல்லாம் போட்டு… அது உங்களோடதுதானே?”

“பதினேழா? நான் பதினாறுதாம்மா அனுப்பியிருக்கேன். மிச்சம் நாலும் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ஏன்?”

எல்லாவற்றையும் கொட்டினேன். தனி நோட்டு, கவர், ஆபீசரின் ஜீப், எல்லாம்.

“அது பரீட்சைன்னு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?” என்று கேட்டார் மேடம்.

“எல்லாக் கட்டமும் எழுதியிருந்துச்சு மேடம்.”

“உடனே ஆபீசருக்குச் சொல்லுங்க. மருந்து, டிரிப், குளோரின் எல்லாம் இப்பவே கிளம்பணும். நான் இங்க வேற மாவட்டத்துல இருக்கேன், இதே டெஸ்ட்டைத்தான் ஆரம்பிச்சிருக்கேன். ஆறு மாவட்டத்துல ஓடுது” என்றார்.

பதினொன்றே காலுக்கு ஜீப் கிளம்பியது. இந்தத் தடவை தெரு இருந்தது.

மறுநாள் ஆபீசரின் அறையில் உட்கார்ந்தோம். ஆபீசர், மாட்டு டாக்டர், நான். தலைநகரத்துக்கு அறிக்கை போக வேண்டும். அதில் ஒரு கட்டம், ‘கிருமி உறுதியான தேதி.’ ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமைன்னு போட்டுடறேன். செவ்வாய்க்கிழமை வந்தது, செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சோம். பொய்யும் இல்ல பாருங்க, அந்த மூணு சாம்பிளும் அன்னிக்குத்தானே வந்துச்சு” என்றார்.

“சனிக்கிழமை சார்” என்றேன்.

“அம்மா, கொஞ்சம் யோசிங்க. சனிக்கிழமைன்னு போட்டா என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும்.”

“மேடத்துக்கு ஏற்கெனவே தெரியும் சார்.”

“மேடத்துக்கு ஃபோன்ல தெரியும். எழுத்துல யாருக்கும் தெரியாது.”

மாட்டு டாக்டர் அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினார். அவர் சொன்னதுதான் என்னை ஆட்டிப் பார்த்தது.

“நான் வேலையைப் பத்திப் பேசல. சனிக்கிழமைன்னு எழுதினா நம்ம லேபுக்கு அதிகாரம் கெடைக்காது. குறைஞ்சது ரெண்டு வருஷம். அதுவரைக்கும் எல்லா சாம்பிளும் மறுபடி தலைநகரத்துக்குப் போகும், பதினொரு நாள். இது ஒரு தடவை நடந்த தப்பு, இனிமே நீங்க செய்ய மாட்டீங்க. உங்க மனசு ஆறணும்னு நீங்க உண்மையை எழுதி, அதுக்கு முப்பத்தொரு கிளினிக்கும் பதினொரு நாள் காத்துக் கெடக்கணுமா? நியாயமா சொல்லுங்க.”

எந்த அதிகாரத்துக்காக ஒன்பது வருஷம் நாக்கில் பசையோடு காத்திருந்தேனோ, அது அந்த ஒரு கட்டத்தில் வந்து நின்றது. செவ்வாய் என்றால் கிடைக்கும். சனி என்றால் போகும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை. ஆபீசர் வரவழைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் தொடவில்லை.

“டாக்டர், நான் இனிமே செய்ய மாட்டேன்” என்றேன் கடைசியில். “சரி. ஆறு மாவட்டத்துல இதே டெஸ்ட் ஓடுது. அங்கயும் ஒரு ஆபீசர் டீசலுக்குக் கத்துவாரு. அங்கயும் என்னை மாதிரி ஒரு அதிகப்பிரசங்கி, எது பரீட்சைன்னு கண்டுபிடிச்சுடுவா. நல்லா எழுதின ஃபாரத்தை ஓரமா எடுத்து வெப்பா. நடந்தது என்னன்னு எழுத்துல இல்லைன்னா, மேடம் ஃபோன்ல சொன்னா மட்டும் யாரு காதுல போட்டுக்குவாங்க? நம்ம மாவட்டம் பதினொரு நாள் காத்திருக்கும். அங்க காத்திருக்கக்கூட ஆள் இருக்க மாட்டாங்க.”

ஆபீசர் நெற்றியைத் தேய்த்தார். “நான் டீசலுக்குக் கத்தினதையும் எழுதுவீங்களா?”

“எழுதுவேன் சார். என்னால கண்டுபிடிக்க முடியும்னு நான் பீத்திக்கிட்டதை முதல்ல எழுதுவேன். உங்களோடது ரெண்டாவது.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். ‘சனிக்கிழமை’ என்று எழுதினேன்.

மேடத்திடமிருந்து மத்தியானமே ஃபோன் வந்தது. ஆறு மாவட்டத்திலும் பரீட்சையை நிறுத்திவிட்டாராம். “உங்க லேப் பேரை லிஸ்ட்லேருந்து எடுக்கணும்மா. நான்தான் எடுக்கணும்” என்றார். “எடுங்க மேடம்” என்றேன். வேறென்ன சொல்வது?

வியாழக்கிழமை டிரிப் பாட்டில் ஏற்றிய வேனில் நானும் ஆற்றங்கரைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஃபோனில் சொல்கிற விஷயமா அது?

கிளினிக் மொத்தமே ஒரு கூடமும் ஒரு சின்ன அறையும்தான். கூடத்தில் கட்டில் நாலு, தரையில் பாய் பத்துப் பன்னிரண்டு. ஜன்னல் கம்பியிலெல்லாம் டிரிப் பாட்டில்கள் கட்டித் தொங்கின. குளோரின் வாடை கண்ணைக் கரித்தது. அந்த நர்ஸ் சுவரோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“கொத்தனார் பொழைச்சுட்டாருக்கா” என்றாள் முதல் வார்த்தையாக. “இதுவரைக்கும் முப்பத்தெட்டுப் பேர். ரெண்டு பேர் போயிட்டாங்க. பம்ப் ஹவுஸ் தெருவுல ஒரு பெரியவர். அப்புறம் எங்க கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. திங்கக்கிழமை சாயங்காலம் கூட வாளி வாளியா கழுவி ஊத்துனாங்க. ராத்திரி அவங்களுக்கே ஆரம்பிச்சிடுச்சு. எங்கிட்ட டிரிப் ஆறே பாட்டில்தான் இருந்துச்சு. சனிக்கிழமையே மாவட்ட மருந்து ஸ்டோர்ல கேட்டேன். நோய்னு அறிவிப்பு வந்தாத்தான் அளவுக்கு மேல தருவோம்னுட்டாங்க.”

சனிக்கிழமை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அவளுக்குத் தெரியாது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“ரெண்டாவது ஃபாரத்துல பாதி எழுதலைக்கா. நேரமே இல்ல” என்றாள். “திட்டப் போறீங்கன்னு நெனச்சேன்.”

“உன் மொத சாம்பிள் தொலையலம்மா” என்றேன். “வியாழக்கிழமையே வந்து சேர்ந்துடுச்சு. சனிக்கிழமையே காலரான்னு பாத்துட்டேன். மேடம் பரீட்சைக்கு அனுப்புற பொய் சாம்பிள்னு நெனச்சு இழுப்பறையில வெச்சுட்டேன். மூணு நாள் அங்கயே கெடந்துச்சு. என் தப்பு. முழுக்க என் தப்பு.”

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள், கத்துவாள், எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“ஏங்க்கா பொய்னு நெனச்சீங்க?”

“எல்லாக் கட்டமும் எழுதியிருந்தே. படம் வேற போட்டிருந்தே. நெஜமா வர்றதுல யாரும் அப்படி எழுத மாட்டாங்க.”

அவள் அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பாயில் ஒரு பெண் முனகினாள். அவள் எட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு மறுபடி என்னிடம் திரும்பினாள்.

“அப்ப நாலு கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பியிருந்தா, நம்பியிருப்பீங்களா?”

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாருக்கும் புரியாது.

“ஆமாம்மா” என்றேன்.

“அதை எழுத எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சுக்கா” என்றாள். “நீங்க நம்பணுமேன்னுதான் அப்படி எழுதினேன். பஸ் வந்துடுச்சு, நான் இன்னும் எழுதிட்டிருக்கேன். பெருக்கித் துடைக்கிற அந்த அம்மாதான் பஸ்ஸுக்கு முன்னாடி போய் நின்னு, எங்க பொண்ணு எழுதி முடிக்கிற வரைக்கும் நகர விட மாட்டேன்னு நிறுத்தி வெச்சிருந்தாங்க.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். உள் அறையிலிருந்து யாரோ “நர்ஸம்மா, பாட்டில் தீந்துடுச்சு” என்று கூப்பிட்டார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“வேன்ல எத்தனை பாட்டில் இருக்குக்கா?”

“இருநூறு.”

“இறக்கிடலாம் வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.